பலமும் பணிவும்: கராத்தே ஆசான் ஃபுனகோஷியின் வாழ்க்கை

நம் வணிகப் பெருமக்களின் பிள்ளைகளில் பலர் இன்று விளையாட்டிலும் தேகப் பயிற்சியிலும் நாட்டம் கொண்டிருக்கின்றனர். கால்பந்து, பூப்பந்து, சிலம்பம், சிலாட், கராத்தே என்று ஏதேனும் ஒன்றில் சேர்ந்து வார இறுதிகளில் பயிற்சிக்குப் போய் வருகின்றனர். வீட்டில் கைப்பேசியோடு முடங்கிக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். நாம் மகிழ வேண்டிய காரியமே.

ஆயினும் பெற்றோர் சிலருடைய உள்ளத்தில் ஒரு கவலை இருக்கிறது. இரண்டு பதக்கம் வாங்கியதும் பிள்ளையின் நடை மாறிவிடுகிறது. தோற்றால் நடுவரைக் குறை கூறுகிறான். வென்றால் தோற்றவனை ஏளனம் செய்கிறான். விடுமுறை நாளில் கடைக்கு வந்து வாசலைக் கூட்டச் சொன்னால், அது தன் தகுதிக்குக் குறைவான வேலை என்று முகம் சுளிக்கிறான். கைக்குப் பலம் ஏற ஏறத் தலைக்கும் கனம் ஏறிவிடுகிறதே, இதற்கு என்ன வழி என்று அவர்கள் கேட்கின்றனர்.

நியாயமான கேள்விதான். இதற்கு உபதேசத்தால் பதில் சொல்வதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையால் பதில் சொல்வது நல்லது என்று நாம் கருதுகிறோம். கராத்தே வித்தையை உலகறியச் செய்த ஆசான் கிச்சின் ஃபுனகோஷி அவர்களே அம்மனிதர். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளி உபாத்தியாயர். வெறுங்கையால் எதிரியை வீழ்த்தும் வல்லமை பெற்றிருந்தும், துடைப்பம் பிடிக்கக் கூசாதவர்.

ஜப்பானின் தென்கோடியில் ஒகினாவா என்றொரு தீவு உள்ளது. முன்னாளில் அது ரியூக்கியூ என்னும் தனி அரசாக விளங்கியது; 1879-ஆம் ஆண்டில் ஜப்பானுடன் இணைக்கப்பட்டது. அவ்வரசின் தலைநகரான ஷூரியில் 1868-ஆம் ஆண்டு ஃபுனகோஷி பிறந்தார். அரசு உத்தியோகம் சார்ந்த குலம். எனினும் செல்வம் இல்லை. மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தை ஆதலால், அது நெடுநாள் தங்காது என்றே உற்றார் உறவினர் எண்ணினர். தாய்வழிப் பாட்டனார் வீட்டில் செல்லமாக வளர்ந்தார். எனினும் உடம்பு தேறவில்லை. அடிக்கடி நோய், மருந்து, பத்தியம் என்றே பிள்ளைப் பருவம் கழிந்தது.

அவருடைய பள்ளித் தோழன் ஒருவனின் தந்தை அசாத்தோ என்பவர். தீவிலேயே தலைசிறந்த கராத்தே வல்லுநர்களில் ஒருவர். அவரிடம் பயிற்சிக்குச் சென்ற சில ஆண்டுகளில் நோஞ்சானாக இருந்த சிறுவனின் தேகம் உறுதி பெற்றது. மருந்து தராத சுகத்தைப் பயிற்சி தந்தது.

அக்காலத்தில் கராத்தே இரகசிய வித்தை. பகலில் எவரும் பயில்வதில்லை. இருட்டிய பின் கையில் விளக்குடன் ஆசிரியர் வீட்டுக்கு நடந்து சென்று, கொல்லைப்புற முற்றத்தில் பயின்று, விடியும் வேளையில் வீடு திரும்ப வேண்டும். இந்த வாலிபன் இரவெல்லாம் எங்கே போய் வருகிறான் என்று அயலார் தவறாகச் சந்தேகித்ததும் உண்டு. அவர் அதற்கு விளக்கம் சொல்லித் திரியவில்லை.

பயிற்சி எப்படி நடந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். கராத்தேயில் கட்டா எனப்படும் அசைவுக் கோவைகள் இருக்கின்றன. ஒரே கட்டாவை நாள் கணக்கில், வாரக் கணக்கில், மாதக் கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும்படி அசாத்தோ பணிப்பார். தாம் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாராட்டு கிடைப்பது அரிது. பாதிக் குறையும் நீங்கும்வரை அடுத்ததற்குப் போக விடமாட்டார். தனக்கு எல்லாம் வந்துவிட்டது என்ற எண்ணத்தைக் களைவதற்கு இதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை. ஒரே காரியத்தை ஆயிரம் முறை செய்தவனுக்குத்தான் அதில் இன்னும் எவ்வளவு குறை இருக்கிறது என்பது தெரியும். ஐந்து முறை செய்தவனே மார் தட்டுவான்.

அசாத்தோவின் நெருங்கிய நண்பரான இத்தோசு என்பவரும் ஃபுனகோஷிக்கு ஆசிரியரானார். ஒரே வித்தையில் வல்ல இருவரிடமும் பொறாமை என்பதே இல்லை. மற்ற ஆசிரியர்களிடமும் சென்று அவரவருடைய சிறப்பைக் கற்று வா என்று இருவருமே தம் மாணவனை அனுப்பி வைத்தனர். தன்னிடம் வந்த வாடிக்கைக்காரரை எதிர்க்கடைக்கும் அனுப்பி வைப்பது எவ்வளவு பெரிய மனம் என்பதை வணிகராகிய நாம் நன்கு அறிவோம்.

வைத்தியக் கல்வி பயில வேண்டும் என்பது ஃபுனகோஷியின் ஆசை. தேர்விலும் தேறினார். ஆனால் குடுமி வைத்திருப்போருக்கு அக்கல்லூரியில் இடமில்லை. குடுமியே குலத்தின் மானம் என்று கருதிய குடும்பத்தார் அதை எடுக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே அந்த ஆசையைக் கைவிட்டார். 1888-ஆம் ஆண்டில் ஆரம்பப் பள்ளியில் துணை உபாத்தியாயராகச் சேர்ந்தார். அந்த உத்தியோகத்துக்கும் குடுமி கூடாது என்பதால் இம்முறை அதைக் களைந்துவிட்டே வீட்டுக்குப் போனார். தந்தை சினந்தார், தாயார் மகனின் முகத்தையும் பாராமல் பின்வாசல் வழியே வெளியேறிவிட்டார். அந்த வேதனையைச் சுமந்துகொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்.

ஆரம்பத்தில் சம்பளம் மாதம் 3 யென். பெரிய குடும்பம். அவருடைய மனைவியார் பகலில் தோட்டத்தில் காய்கறி பயிரிட்டும் இரவில் துணி நெய்தும் குடும்பத்தைத் தாங்கினார். கணவரின் இரவுப் பயிற்சிக்கு ஒரு நாளும் தடை சொன்னதில்லை. இத்தகைய இல்லாளின் உதவி இல்லாமல் இந்த ஆசான் உருவாகியிருக்க மாட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய மாறுதல் வந்தது. இரகசியமாக இருந்த கராத்தேயை ஒகினாவாப் பள்ளிகளில் தேகப் பயிற்சிப் பாடமாக ஆக்கினார்கள். இதற்கு முன்னின்றவர் இத்தோசு. பிள்ளைகளுக்கு ஏற்றவாறு எளிமையாக ஐந்து கட்டாக்களை அவர் அமைத்தார். பிள்ளைகளின் உடலையும் ஒழுக்கத்தையும் வளர்ப்பதே நோக்கமாயிற்று. பின்னாளில் ஃபுனகோஷி அந்த ஐந்துக்கும் அமைதி என்னும் பொருள்படும் ஹெய்யான் என்ற பெயரைச் சூட்டினார். அடிதடி வித்தையின் முதற் பாடத்துக்கு அமைதி என்று பெயர் வைத்தவரின் உள்ளம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

பிள்ளைகளுக்கு அவர் வகுத்த முறையில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பயிற்சி மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிய வேண்டும் என்பது. இதை ஒதுக்கினால் கராத்தேயே இல்லை என்பது அவர் கொள்கை. மற்றொன்று, முதலில் கை நீட்டக் கூடாது என்பது. ஹெய்யான் கட்டாக்களின் முதல் அசைவு தடுப்பது, அடிப்பதன்று. பிள்ளையின் நாவுக்கு முன்னரே அவனுடைய கையும் காலும் அடக்கத்தைப் படித்துவிடுகின்றன.

அவரே அதன்படி நடந்தாரா என்று கேட்கலாம். ஒரு சம்பவத்தைக் கூறுவோம். ஓர் இரவு தனிவழியில், தம் குடும்ப வழக்கப்படி மூதாதையர் பீடத்தில் வைப்பதற்காகப் பலகாரப் பொட்டலத்துடன் அவர் நடந்து வந்தார். முகத்தைத் துணியால் மறைத்த இருவர் வழிமறித்தனர். பணம் கேட்டனர், இல்லை. புகையிலை கேட்டனர்; அதுவும் இல்லை. முடிவில் பொட்டலத்தைக் கேட்டனர். இருவரையும் ஒரு நொடியில் வீழ்த்தும் வல்லமை அவருக்கு இருந்தது. ஆனால் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். சில நாட்களுக்குப் பின் இதை ஆசிரியர்களிடம் கூறியபோது, இருவருமே அவர் செய்ததைப் புகழ்ந்தனர். பயிற்சியின் பயன் இப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்தது என்று மகிழ்ந்தனர். பலகாரம் போனால் நாளை சுட்டுக்கொள்ளலாம். கை எலும்பு முறிந்தால் ஒருவனுடைய குடும்பமே பட்டினி கிடக்கும் அல்லவா?

1921-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பட்டத்து இளவரசர் ஐரோப்பாவுக்குச் செல்லும் வழியில் ஒகினாவாவில் இறங்கினார். ஷூரிக் கோட்டையில் அவர் முன்னிலையில் நடந்த கராத்தே காட்சிக்கு ஃபுனகோஷி தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டில், அதாவது 1922-இல், கல்வி அமைச்சின் ஆதரவில் தோக்கியோவில் நடைபெற்ற தேகப் பயிற்சிக் கண்காட்சிக்கு ஒகினாவாவின் பிரதிநிதியாகச் சென்றார். காட்சி முடிந்ததும் ஊர் திரும்புவதாகவே எண்ணம். ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ அவரைத் தம் கூடத்துக்கு அழைத்துக் காட்சி நடத்தச் செய்தார். ஓவியர் ஒருவர் தம் நண்பர்களுக்குக் கற்றுத்தர வேண்டினார். ஊர் திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. முடிவில் தோக்கியோவிலேயே தங்கிவிட்டார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவியாரோ குலக் கடமைகளை விட்டு வர மனமில்லாமல் ஊரிலேயே இருந்தார்.

அந்நிய ஊரில் பிழைப்புத் தேடி வந்து, குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, கிடைத்த இடத்தில் படுத்து, கிடைத்ததை உண்டு காலம் கழித்த நம் மூத்தோரின் வரலாறு நமக்கு நினைவு வருகிறது அல்லவா? ஃபுனகோஷியின் நிலையும் அதுவே. ஒகினாவா மாணவர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் அவருக்கு ஒரு சிறு அறை கிடைத்தது. அதற்கு ஈடாக விடுதியின் காவற்காரராகவும் தோட்டக்காரராகவும் வேலை பார்த்தார். வாசலைக் கூட்டினார், அறைகளைப் பெருக்கினார். மாணவர் எண்ணிக்கை சொற்பம். வருமானம் அதைவிடச் சொற்பம். விடுதிச் சமையற்காரருக்குக் கராத்தே கற்றுக் கொடுத்துச் சாப்பாட்டுக் கட்டணத்தில் குறைவு பெற்றார். கைக்காசு தீர்ந்தபோது பழைய தொப்பியையும் கைத்தறி உடையையும் அடகுக் கடைக்கு எடுத்துச் சென்றார். அவை பெறாத தொகையைக் கடைக்காரப் பணியாளர் கொடுத்தபோது வியந்தார். அந்தப் பணியாளரின் தம்பி தம்மிடம் பயிலும் மாணவன் என்பது பிறகே அவருக்குத் தெரிய வந்தது.

ஒருநாள் அவர் தோட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பத்திரிகையாளர் வந்தார். கராத்தே ஆசான் ஃபுனகோஷி அவர்கள் எங்கே என்று அந்தத் தோட்டக்காரரிடமே விசாரித்தார். சற்றுப் பொறுக்கும்படி பணிவுடன் சொல்லிவிட்டு உள்ளே சென்ற ஃபுனகோஷி, உடை மாற்றிக்கொண்டு வந்து, தாமே அந்த ஆசான் என்று அறிமுகம் செய்துகொண்டார். வந்தவர் திகைத்துப் போனார். கூட்டிய கைக்கும் வித்தை கற்பித்த கைக்கும் ஃபுனகோஷி வேற்றுமை பார்க்கவில்லை.

அவரிடம் பயின்ற வாலிபர்கள் இதையெல்லாம் கண்ணால் கண்டனர். பணிவைப் பற்றி அவர் தனிப் பாடம் நடத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1924-ஆம் ஆண்டில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே சங்கம் தொடங்கப்பட்டது. பிற பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் அவரிடம் வந்தனர். கராத்தேயில் தேர்ச்சிக்கு ஏற்பக் கறுப்புப் பட்டை வழங்கும் வழக்கத்தையும் அவ்வாண்டில்தான் கானோவின் ஜூடோவைப் பார்த்து ஏற்படுத்தினார். இன்று நம் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் பட்டை அதுவே.

கராத்தே என்ற சொல்லைப் பண்டைக் காலத்தில் சீனக் கை என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினர். அதே ஒலியுடைய, வெறுங்கை என்று பொருள்படும் எழுத்துகளால் அதை எழுதும் வழக்கத்தை ஃபுனகோஷி 1930-களில் நிலைநாட்டினார். ஆயுதமில்லாத கை என்பது வெளிப்பொருள். தன்னலமும் தீய எண்ணமும் அகன்ற வெற்று உள்ளம் என்பது அவர் கண்ட உட்பொருள்.

1930-களின் பிற்பகுதியில் அன்பர்கள் பொருள் திரட்டி அவருக்கென்று ஒரு பயிற்சிக் கூடம் கட்டினர். அவர் கவிதை எழுதும்போது வைத்துக்கொண்ட புனைபெயரான ஷோத்தோ என்பதையே கூடத்துக்கு இட்டு ஷோத்தோக்கான் என்று அழைத்தனர். முதுமையில் கிடைத்த அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. போர் வந்தது.

இந்த இடத்தில் நம் வாசகர் சிலருக்கு ஒரு தயக்கம் எழலாம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவும் சிங்கப்பூரும் பட்ட பாட்டை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதை மறக்கவும் முடியாது, மறைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் போர் இந்த முதியவரிடம் எதை விட்டு வைத்தது என்பதையும் பார்ப்போம். அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போருக்குச் சென்றனர், பலர் திரும்பவில்லை. 1945-இல் குண்டுவீச்சில் ஷோத்தோக்கான் அழிந்தது. ஒகினாவாச் சண்டையில் இரண்டு இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர். அவர் பிறந்த ஷூரி தரைமட்டமாயிற்று. அவருடைய வித்தைக்கு வாரிசாக விளங்கிய மகனும் அதே ஆண்டில் நோயால் இறந்தார். ஒகினாவாவிலிருந்து அகதியாகக் கியூஷூ தீவுக்கு வந்து சேர்ந்த மனைவியாருடன் போய் வாழ்ந்தார். 1947-இல் அவரும் காலமானார். எண்பதை நெருங்கிய வயதில் மீண்டும் தோக்கியோவுக்கு வந்து, மிஞ்சியிருந்த மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தார்.

போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில் தோக்கியோவில் வழிப்பறி மலிந்திருந்தது. ஓர் இரவு தனியே வந்த இந்தக் கிழவரை ஒருவன் தாக்க வந்தான். அவர் குனிந்து ஒதுங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் அவனைப் பிடித்து அடக்கிவிட்டார். அப்பக்கமாக வந்த காவலரிடம் ஒப்படைத்தார். நம்மவராயின் அந்தக் கதையை ஆயுள் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்போம். அவரோ வெட்கப்பட்டார். அவன் போரிலிருந்து திரும்பி வேலையின்றித் தவிக்கும் சிப்பாயாக இருக்கலாம் என்று இரங்கினார். தாம் வாழ்நாளெல்லாம் போதித்த பொறுமையைத் தாமே ஒரு கணம் மறந்துவிட்டதாக வருந்தினார். பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்த இரவில் அவருக்கு மன நிறைவு இருந்தது. வென்ற இந்த இரவில் இல்லை.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் தமது 88-ஆம் வயதில் அவர் காலமானார். நெடுநாள் தங்காது என்று பிறந்தபோது கைவிடப்பட்ட குழந்தை அது! அவர் உயிரோடிருந்தவரை வெற்றி தோல்விப் போட்டிகளை விரும்பியதில்லை. ஜப்பானின் முதல் தேசியக் கராத்தே போட்டி, அவர் மறைந்த சில மாதங்களில், அதே 1957-இல் நடந்தது. 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கிலும் கராத்தே இடம் பெற்றது. காமக்குரா நகரில் 1968-இல் அவருக்கு எழுப்பப்பட்ட நினைவுக் கல்லில், முதலில் கை நீட்டாதே என்ற அவருடைய கொள்கையையே பொறித்துள்ளனர்.

சகோதரர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? போட்டியே கூடாது, பதக்கமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. காலம் மாறிவிட்டது, நம் பிள்ளைகள் வெல்லட்டும், நமக்கும் பெருமைதான். ஆனால் பயிற்சி தானாகவே பணிவைத் தந்துவிடாது. எந்த ஆசிரியரிடம், எந்த முறையில் பயில்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துணிக்கடைக்குப் போனால் நூலையும் சாயத்தையும் பார்த்து வாங்கும் நாம், பிள்ளையைப் பயிற்சியில் சேர்க்கும்போது கட்டணத்தையும் கூடத்தின் தூரத்தையும் மட்டும் பார்க்கிறோம். ஒரு நாள் ஓரமாக நின்று கவனிக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் தரையைத் துடைப்பது யார்? புதிதாக வந்த சிறுவனுக்குப் பழைய மாணவன் உதவுகிறானா, அல்லது சிரிக்கிறானா? தோற்ற பிள்ளையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார்? பயிற்சிக் கூடத்து வணக்க முறையில் நம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது ஏதும் இருப்பின், முன்கூட்டியே ஆசிரியரிடம் முறையாகப் பேசி வேறு வகையில் மரியாதை செலுத்த ஏற்பாடு செய்துகொள்ளலாம். மரியாதையையே கைவிட்டுவிட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. இது பிள்ளைகளுக்கன்று, நமக்கு. ஃபுனகோஷியின் மாணவர்கள் அவர் சொன்னதைக் கேட்டதைவிட அவர் கூட்டியதைப் பார்த்தே கற்றனர். அக்காலத்தில் நம் கடைகளிலும் புதிதாக ஊரிலிருந்து வந்த பையன் முதலில் வாசல் கூட்டி, மூட்டை தூக்கி, அதன் பிறகே தராசைத் தொட்டான். கல்லாப்பெட்டிக்கு வர ஆண்டுகள் ஆயின. அப்படி உயர்ந்தவர்களே நம் பெரிய முதலாளிமார்களில் பலர். இன்று நாம் கல்லாவில் அமர்ந்தபடியே வேலையாளை அதட்டுவதைப் பார்க்கும் மகன், பயிற்சிக் கூடத்தில் எவ்வளவு குனிந்து வணங்கினாலும் வீட்டில் நிமிர்ந்தே நிற்பான்.

நிறைகுடம் தளும்பாது என்பது நம் பழமொழி. குடத்தை நிறைக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது தளும்பாமல் தூக்கி நடப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். வரும் விடுமுறையில் மகன் கடைக்கு வரும் நாளில், துடைப்பத்தை அவனிடம் நீட்டுவதற்கு முன் ஒரு பக்கத்து வாசலை நாமே கூட்டத் தொடங்குவோம். மறுபக்கத்தை அவன் கூட்டுவான், இன்ஷா அல்லாஹ்.